தலைமடைக்காரர்களின் கணக்கு

2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் வீதிக்கு வந்தது. கூடலூர், கம்பம், நாராயணத்தேவன்பட்டி, உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர் ஊராகக் கிளம்பி, குமுளி மலைச்சாலையை நோக்கிப் பல்லாயிரம் பேர் நடந்தோம். யாரும் வண்டி பிடித்துக் கொடுத்துக் கூட்டிய கூட்டமில்லை அது. முல்லைப் பெரியாறு அணைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிழைப்பில்லை என்ற பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. 2014 மே 7 அன்று, அணையில் 142 அடிவரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஊரெங்கும் வெடி வெடித்தோம், இனிப்புக் கொடுத்தோம்.

அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் அந்த நாட்களின் கணக்கிலேயே நாம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பல வருடமாக நம்மோடு புழங்கிய மலையாளிகளின் கடைகள் நம் கண்முன்னே தாக்கப்பட்டன. நம்மில் பெரும்பாலோர் கல்லெறியவில்லை. தடுக்கவும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களில் வேலை செய்த நம் பெண்கள் பயந்து, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தார்கள். அங்கே நடந்ததற்கு இங்கே கொதித்த நாம், இங்கே நடந்ததைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அதைவிடப் பெரிய கணக்கு இன்னொன்று. அணைக்காக அத்தனை பேர் இறங்கிய நாம், ஆற்றுக்காக ஒருநாளும் இறங்கவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கு நம்மை எப்படி வைத்திருக்கிறது என்று முதலில் சொல்லியாக வேண்டும். மேற்கே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைகள். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே தெற்கிலிருந்து வடக்காக இறங்கும் ஆறு. மதுரை வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஆனி ஆடியில், கேரளத்து மழை மலையைத் தாண்டி வந்து கூடலூரில் சாரலாக விழும். காற்று குளிர்ந்து வீசும். பனியும் நம்மைக் கொல்வதில்லை, வெயிலும் வாட்டி எடுப்பதில்லை. வருடம் முழுக்க ஏதாவது ஒரு வெள்ளாமை நிலத்தில் நிற்கும். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஓய்வுபெற்ற பிறகும் இங்கேயே வீடு கட்டித் தங்கிவிடுவதற்கு இந்தச் சீதோஷ்ணம்தான் காரணம்.

அதற்குமேல் அணைத் தண்ணீர். 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை வேகம் பிடித்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887இல் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு காட்டுக்குள் அணை எழும்பியது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் சுரங்கம் வெட்டினார்கள். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைக்க, தண்ணீர் நம் பக்கம் இறங்கியது. அன்றிலிருந்து மூன்று நான்கு தலைமுறையாக, மேலே மழை பெய்தால் போதும், நம் ஊரில் பெய்யாவிட்டாலும் நெல் விளையும் என்ற நம்பிக்கையில் வளர்ந்திருக்கிறோம். பள்ளத்தாக்கின் இருபோகப் பரப்பு 14,707 ஏக்கர் என்பது இங்கே சின்னப்பிள்ளையும் சொல்லும் எண்.

வேளாவேளைக்கு வந்து சேர்ந்த தண்ணீர் நம்மைக் கவலையற்றவர்களாக ஆக்கிவிட்டது. பென்னிகுவிக் படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். அணைப் பணியில் அவரோடு இருந்த லோகன் துரையின் பெயரைக்கூட வைத்திருக்கிறோம். பென்னிகுவிக் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறோம். லோயர்கேம்பில் 2013 முதல் மணிமண்டபம் இருக்கிறது. இந்த நன்றியில் பொய் கிடையாது. ஆனால் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையை மேடைக்கு மேடை சொல்கிற நாம், ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கவில்லை. செலவு சென்னை மாகாண அரசினுடையது. அந்தப் பணியில் இருந்த பொறியாளர் ஏ.டி. மெக்கன்சி 1899இலேயே திட்டத்தின் வரலாற்றை முழுப் புத்தகமாக எழுதி வைத்துவிட்டார். அதைப் புரட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்? காட்டுக்காய்ச்சலிலும் காலராவிலும் அந்த மலையில் செத்துப்போன கூலிக்காரர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள், நம் முப்பாட்டன்மார். அவர்களில் ஒருவர் பெயரையாவது சொல்ல நம்மால் முடியுமா? ஒரு துரையைத் தெய்வமாக்கியதோடு கடன் தீர்ந்தது என்று இருந்துவிட்டோம்.

இனி ஆற்றுக்கு வருகிறேன்.

லோயர்கேம்பில் மின்நிலையத்தைத் தாண்டி வரும்போது முல்லையாறு கண்ணாடி மாதிரி இருக்கிறது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். அங்கிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஒவ்வொரு ஊராகக் கடக்கும்போதும் அந்த ஊர் தன் சாக்கடையை அதில் சேர்க்கிறது. வீட்டுக் கழிவுநீர், கோழிக்கடைக் கழிவு, மருந்து டப்பா, கிழிந்த பாய், செத்த நாய் எல்லாம் ஆற்றுக்குத்தான். சாக்கடை கட்டியது நிர்வாகம் என்று கைகாட்டுவது சுலபம். வீட்டுக் குழாயை அந்தச் சாக்கடையில் கொண்டுபோய் இணைத்தது நாம். வாசலில் வாய்க்கால் ஓடினால் குப்பைக்குத் தனி இடம் வேண்டாம் என்று நினைத்ததும் நாம்தான். நம் தாத்தா காலத்தில் ஊற்றுத் தோண்டிக் குடித்த இடங்களில் இன்று கால் வைக்கக் கூசுகிறது. அதே தண்ணீர் கீழே இன்னோர் ஊரின் உறைகிணற்றுக்குள் போகிறது என்பது தெரியாதவர்கள் இங்கே யாருமில்லை.

வீரபாண்டியில் கௌமாரியம்மன் ஆற்றங்கரையில்தான் குடியிருக்கிறாள். சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பம் நட்டதும் பெண்கள் ஈரச்சேலையோடு முல்லையாற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து அதற்கு ஊற்றுகிறார்கள். அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையுமாக மாவட்டமே அங்கே திரள்கிறது. ராத்திரி பகல் என்று பார்க்காமல் அத்தனை பக்தியோடு நிற்கிற நாம், மேலே நாலு ஊரில் அந்தத் தண்ணீருக்குள் எதைக் கலந்தோம் என்பதை அறிந்தேதான் மொண்டு ஊற்றுகிறோம். அம்மனுக்கு எது சாத்துகிறோம் என்று ஒருவர்கூடக் கோயில் கூட்டத்தில் எழுந்து கேட்கவில்லை. எல்லை தாண்டி வந்து யாராவது அதே குடத்தில் அழுக்கைக் கொட்டியிருந்தால் விட்டிருப்போமா?

மதுரைக்குக் குழாய் போடும் திட்டம் வந்தபோது நாம் பேசியதை நினைத்துப் பார்க்க வேண்டும். லோயர்கேம்பில் தடுப்பணை கட்டி, நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் தண்ணீரைக் குழாய் வழியாக மதுரை மாநகருக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. நாம் எதிர்த்தோம். ஆற்றிலேயே விடுங்கள், வைகை அணையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். வாதம் சரியானது. ஆறு ஓடினால்தான் கரையோரக் கிணறுகளில் ஊற்று நிற்கும், குடிநீர்த் திட்டங்கள் நிற்கும், வழியில் உள்ள ஊர்கள் பிழைக்கும். குழாய் அந்த ஊர்களுக்கு ஒரு சொட்டும் கொடுக்காது. ஆனால் ஆற்றில் விடச்சொல்லும் தகுதி நமக்கு இருந்ததா? மதுரைக்காரர் ஒருவர் எழுந்து, உங்கள் நாலு ஊர்ச் சாக்கடை கலந்த பிறகு வருகிற தண்ணீரையா என் பிள்ளை குடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தால், பதில் சொல்ல நம்மிடம் ஒரு வார்த்தை இருந்திருக்காது. ஆற்றைச் சுத்தமாக வைத்திருந்தால் அந்த வாதம் இரண்டு மடங்கு பலத்தோடு நின்றிருக்கும். நம் கையில் இருந்த ஒரே சாட்சியை நாமே கெடுத்து வைத்திருந்தோம்.

கண்மாய், வாய்க்கால் கதையை நீட்ட வேண்டியதில்லை. கூடலூர் ஒட்டான்குளம், கம்பம் வீரப்பநாயக்கன் குளம் என்று பழைய ஆட்கள் வெட்டி வைத்த குளங்கள் ஊருக்கு ஊர் உண்டு. உத்தமுத்து வாய்க்கால், பாளையம் பரவு என்று தனித்தனிப் பரவுகள் உண்டு. முன்பு தண்ணீர் திறப்பதற்குள் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்ட வேண்டும் என்பது ஊர்க்கட்டு. வராதவர் தண்டம் கட்டினார். அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று அந்தக் கட்டைக் கைவிட்டது நாம்தான். குடிமராமத்து என்ற பெயர் திரும்ப வந்தபோது அதில் குடிகளாகிய நம் பங்கு ஒப்பந்தக்காரருக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதோடு முடிந்தது. கரையில் ஒரு தென்னங்கன்று, அப்புறம் ஒரு வேலி, அப்புறம் ஒரு கொட்டகை. ஆக்கிரமிப்பு இப்படித்தான் வளர்ந்தது. ஆக்கிரமித்தவர் நம் சித்தப்பா, நம் சம்பந்தி, நம் சாதிக்காரர். அதனால் எவரும் மனு எழுதவில்லை.

திராட்சையைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பெருமையும் நம் குற்றமும் அந்தப் பந்தலுக்குக் கீழேதான் ஒன்றாக இருக்கின்றன.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி வட்டாரத்தில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் வருடத்துக்கு ஒருதரம் காய்க்கும் கொடி இங்கே கவாத்துக்குக் கவாத்து காய்க்கிறது. கடும் குளிர் வராததால் கொடி தூங்குவதில்லை. ஒரு தோட்டத்தில் கொத்து கறுத்து நிற்கும்போது அடுத்த தோட்டத்தில் பூ வைத்திருக்கும். வருடத்தின் எந்த மாதத்திலும் பள்ளத்தாக்கில் எங்கேயோ ஓரிடத்தில் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். இந்தச் சீதோஷ்ணம் கொடுத்த வரம் இது.

கொடி தூங்காத ஊரில் பூஞ்சாணமும் தூங்காது. குளிர்நாட்டில் பனிக்காலம் செய்கிற வேலையை இங்கே மருந்து செய்கிறது. சாரலும் பனியுமான நாளில் அடிச்சாம்பல் நோய் ஒரே ராத்திரியில் இலைக்கு இலை தாவும். விடிந்ததும் பவர் ஸ்பிரேயர் சத்தம் கேட்கும். எந்த மருந்து, எவ்வளவு, அடித்தபின் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்பதையெல்லாம் மருந்துக்கடைக்காரர் சொல்வதே சட்டம் என்று விட்டுவிட்டோம். வியாபாரி விலை பேசி முடித்துவிட்டார், நாளைக்கே வெட்ட வேண்டும் என்றால் காத்திருக்க வேண்டிய நாட்களை மறந்தோம். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய பழத்தை மட்டும் தனிக் கொடியில் மருந்தில்லாமல் விட்டுவைத்த தோட்டங்கள் உண்டு. வாங்கித் தின்பவரும் ஒரு பிள்ளையின் தகப்பன் என்பதை ஏன் நினைக்கவில்லை?

மருந்தை முதலில் குடிக்கிறவர் தின்பவர்கூட இல்லை, அடிக்கிறவர். ஆளுயரப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று மேல்நோக்கிப் பீய்ச்சுகிறபோது அது அவர் முகத்தில்தான் இறங்குகிறது. முகத்தில் ஒரு துண்டு கட்டியிருப்பார், அவ்வளவுதான் பாதுகாப்பு. அடுத்த நாளே அதே பந்தலுக்குள் பெண்கள் குனிந்தும் நிமிர்ந்தும் கொத்துக்குக் கழிவுக்காய் வெட்டுகிறார்கள். கண் எரிகிறது, தோல் உரிகிறது, தலை சுற்றுகிறது என்று அவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறோம். ‘வீட்டுக்குப் போய் மோர் குடி, சரியாயிடும்’ என்று அனுப்பியிருக்கிறோம். கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுக்கும் செலவு, ஒரு தடவை அடிக்கும் மருந்தின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. மிச்சம் பிடிக்க இந்த இடம்தானா கிடைத்தது நமக்கு? பந்தலில் வழிந்த மருந்து மண்ணில் இறங்கி, வாய்க்காலில் கலந்து, கடைசியில் அதே முல்லையாற்றுக்குத்தான் வருகிறது.

திராட்சையில் கூலி போதாத வீட்டுப் பெண்கள் விடியுமுன்னே எழுந்து, சோற்றுத் தூக்கோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். ஆறேழு பேர் உட்காரும் வண்டியில் இரட்டிப்புக்கும் மேல் அடைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் அந்த ஜீப்புகள் பறப்பதைத் தினமும் பார்க்கிறோம். விபத்து நடந்த அன்று மட்டும் கூடி அழுகிறோம். வற்றாத ஆறு ஓடும் ஊரிலிருந்து இத்தனை பெண்கள் ஏன் மலையேறிப் போக வேண்டியிருக்கிறது என்ற கேள்வியை நம் விவசாயச் சங்கங்கள் எதுவும் தன் கூட்டத்தில் முதல் பொருளாக வைத்ததில்லை. நம் சங்கங்களில் நிலம் உள்ளவர்களே பேசினோம். நிலத்தில் நிற்பவர்களைப் பேசவிடவில்லை.

வரலாற்றை நாம் வைத்திருக்கும் விதமும் இதே மாதிரிதான். மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியர் தம் குலப்பெருமையாகச் சொல்லிக்கொண்ட செப்பேடு நம் சின்னமனூரில் கிடைத்தது. தமிழ் இலக்கிய வரலாறு எழுதும் எவரும் சின்னமனூர்ச் செப்பேட்டைத் தொடாமல் போக முடியாது. அரிகேசரிநல்லூர் என்று அந்த ஊருக்கு ஒரு பழைய பெயர் இருந்ததும், பாண்டிய மன்னன் இராசசிம்மன் பெயரில் அங்கே ஒரு சிவாலயம் எழுந்ததும் அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. நாம் சொல்லவில்லை. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அச்சணந்தி போன்ற சமணத் துறவியர் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்து அறம் சொல்லியிருக்கிறார்கள். தொல்லியல் துறையின் நீலப் பலகை இல்லாவிட்டால் அந்தப் பாறையையும் உடைத்து ஜல்லியாக்கியிருப்போம் என்றே தோன்றுகிறது. சுற்றியுள்ள மலைக்கரடுகளுக்கு நாம் செய்தது அதுதானே.

மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் இருக்கிறது. பூம்புகாரிலிருந்து கண்ணகியின் வழித்தடத்தைத் தேடி நடந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் அந்தக் கோயிலை அடையாளம் காட்டினார். அவர் உள்ளூர்க்காரர் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். சித்திரை முழுநிலவு அன்று ஒருநாள் மட்டும் இரு மாநில அதிகாரிகளும் கூடி வழி திறக்கிறார்கள். பளியன்குடி வழியாகக் கூட்டங்கூட்டமாக மலையேறுகிறோம். எல்லை யாருக்குச் சொந்தம் என்று அன்று காரசாரமாகப் பேசுகிறோம். இடிந்து கிடக்கும் கற்சுவர் அடுத்த சித்திரைக்குள் இன்னும் சரியும். அதைப் பற்றி மீதி நாட்களில் பேச்சில்லை. நாம் ஏறிப் போகும் வழியில் வாழும் பளியர்களுக்கு அந்தக் காடு எத்தனையோ தலைமுறையாக வீடு. அவர்களிடம் வழி கேட்டிருக்கிறோம், தேன் வாங்கியிருக்கிறோம். அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று விசாரித்ததில்லை.

எல்லாவற்றிலும் நாம் ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறோம். நம்முடையது என்று உரிமை கொண்டாட வேண்டிய நாளில் உயிரைக் கொடுக்கவும் தயாராக இருந்தோம். உரிமை கிடைத்த மறுநாளிலிருந்து அந்தப் பொருளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து ஒருவர் பறிக்க வருகிறார் என்றால் நாம் ஒரே ஊர். உள்ளேயிருந்து நாமே கெடுக்கிறோம் என்றால் ஆளுக்கொரு தெரு. நெல்வயல் மனையிடமாவதையும் இதே கண்ணோடுதான் பார்த்தோம். அணைத் தண்ணீரை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று கோஷம் போட்ட வாயாலேயே, அந்தத் தண்ணீர் பாய்ந்த நஞ்சையைச் சதுர அடிக் கணக்கில் விலை பேசினோம். 14,707 ஏக்கர் என்ற எண்ணை இன்னும் மேடையில் சொல்கிறோம். இன்று நெல் நிற்பது எத்தனை ஏக்கரில் என்று ஊர் ஊராகப் போய் நாமே அளந்து பார்த்தால் அந்த மேடையில் நிற்க முடியுமா?

தலைமடை, கடைமடை என்ற இரண்டு சொற்களோடு வளர்ந்தவர்கள் நாம். ஒரு பரவுக்குள் தலைமடைக்காரர் தண்ணீரை அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரர் மண்வெட்டியோடு வந்துவிடுவார். அந்த நியாயம் நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆற்றின் முழு நீளத்துக்கும் தலைமடை நம் பள்ளத்தாக்கு. நமக்குக் கீழே வைகை அணை, பிறகு மதுரை, சிவகங்கை, கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாய். அங்கே உள்ளவர்கள் மண்வெட்டியோடு நம்மிடம் வர முடியாத தூரத்தில் இருக்கிறார்கள். அந்தத் தூரத்தை நாம் நமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டோம்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் முதலில் எங்கே பிறந்தது என்பதை நம் மேடைகளில் சொல்லிக் கேட்டிருக்கிறோமா? பென்னிகுவிக் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1789இல், இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அந்த மலைகளைப் பார்த்துவர ஆள் அனுப்பினார். செலவுக்குச் சீமையில் பணம் இல்லாததால் யோசனை அத்தோடு நின்றது. மழை பொய்த்த சீமையில் இருந்த ஒருவர் தன் மக்களுக்காக நினைத்த தண்ணீர் அது. அந்தத் தண்ணீரைத்தான் 1895இலிருந்து நாம் முதல் ஆளாகக் குடித்து வருகிறோம். மழை நன்றாக இருந்த வருடங்களில் ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்கு மதகு திறக்கும்போது, மலர் தூவ நம் பக்கத்திலிருந்து சங்கத் தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் தேக்கடிக்குப் போகிறார்கள். அந்த வரிசையில் வந்து நிற்கும்படி இராமநாதபுரத்துக் கடைமடை விவசாயி ஒருவரை நாம் அழைத்ததாக நினைவில்லை.